வடலூர்ப் பெருவெளிச் சபையும் வள்ளலார் வாழ்வும்

கோயில் ஒன்று எழும்போது அதனை எழுப்பிய செல்வர் பெயரும் அதனோடு எழுந்து நிற்றல் உலக வழக்கு. விக்டோரியா மகாராணியார் அரசு புரிந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இவ்வழக்கு இங்கிலாந்து தேசத்தில் மிக ஓங்கி நின்றது. பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் தத்தம் ஊர்மக்கள் தொழுதற்கெனத் தம் பொருளைச் செலவிட்டுத் தேவாலயங்கள் கட்டுவித்தனர். ஆலிபாக்ஸ் நகரத்தில் எட்வர்டு அக்ராய்டு என்னும் ஆலை முதலாளி கட்டுவித்து 1859-இல் முற்றுப்பெற்ற தேவாலயம் அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. நம் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய தேவாலயம் முப்பத்துமூன்று ஆண்டு உழைப்பின்பின் 1880-இல் நிறைவெய்திற்று. சைவப் பெருங்கோயில்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் செய்த திருப்பணிகளும் அந்நூற்றாண்டினர் நன்கறிந்தனவே.

இவை நிகழ்ந்த அதே காலத்தில், தென்னார்க்காடு ஜில்லா என முன்னாளில் வழங்கிய நம் கடலூர் மாவட்டத்தில், 1872-இல் ஒரு வழிபாட்டு நிலையம் எழுந்தது. அதனை எழுப்பியவரிடம் ஆலையும் இல்லை, ஜமீனும் இல்லை, வட்டிக் கடையும் இல்லை. அவர் ஒரு கிராமக் கணக்கர் வீட்டுக் கடைப்பிள்ளை. அவர்தாம் திருவருட்பிரகாச வள்ளலார் என்று உலகம் போற்றும் இராமலிங்க அடிகள். நம் கருணீக குலத்திற் பிறந்தவர் என்று நாம் மார்தட்டிச் சொல்லுகின்றோம். அங்ஙனம் சொல்லுதற்கு நமக்குள்ள உரிமை யாது, அவ்வுரிமை நம்மீது சுமத்தும் கடமை யாது என்பதை அவர்தம் சரித்திரத்தின் வாயிலாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தோற்றமும் இளமையும்

பண்ணுருட்டியினின்றும் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நம்மவர் பலர் வாழும் காடாம்புலியூரைக் கடந்து, பலாவும் முந்திரியும் செழித்த செம்மண் மேட்டு நிலத்தின் வழியே, 1956-இல் தோன்றிய நிலக்கரி நிறுவனத்தால் உலகறிந்த நெய்வேலியின் ஓரமாய்ச் சென்றால் வடலூரை அடையலாம். வடலூரைச் சார்ந்த பகுதியில், சிதம்பரத்துக்கு வடமேற்கே, மருதூர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் கணக்கு வேலையும் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தலும் செய்து வாழ்ந்தவர் இராமையா பிள்ளை. அவர் மனைவியார் சின்னம்மையார். சபாபதி, பரசுராமன், சுந்தரம்மாள், உண்ணாமுலை என்னும் நால்வர்க்குப்பின் ஐந்தாவது மகவாக இராமலிங்கர் சுபானு ஆண்டு புரட்டாசித் திங்கள் 21-ஆம் நாள், அஃதாவது 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தோன்றினர்.

குழந்தை பிறந்த சில திங்களிலேயே தந்தையார் காலமாயினர். தாயார் மக்களுடன் பொன்னேரிப் பக்கத்துத் தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையை அடைந்தனர். ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடும்பம் தங்கிற்று. மூத்தவராகிய சபாபதி பிள்ளை காஞ்சீபுரம் சபாபதி முதலியாரிடம் கற்றுப் புராணப் பிரசங்கம் செய்து, அதனால் வந்த ஊதியத்தைக்கொண்டு குடும்பத்தைத் தாங்கினர். இளையவரையும் அம்முதலியாரிடமே கல்வி பயில விடுத்தனர். இளையவரோ ஏட்டைக் காட்டினும் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியையே நாடினர். தமையனார் நோயுற்ற ஒருநாள் பெரிய புராணப் பிரசங்கத்துக்கு இளையவர் சென்றதும், அவர் விரித்துரைத்த திறங்கண்டு அவையினர் வியந்ததும், பின்னர் அவரே தொடர்ந்து பிரசங்கிக்க வேண்டுமென வேண்டியதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள்.

சுற்றத்தார் வற்புறுத்தலால் 1850-இல் தமக்கையார் மகள் தனக்கோடி அம்மையாரை மணந்தனர். ஆயினும் அவர் நெஞ்சம் இல்லறத்திற் படிந்திலது. 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தும், 1854-இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதியும் தமிழ்ப் புலவரிடை மதிப்புப் பெற்றனர். நீதி தவறாத சோழனைப் பற்றிய அவ்வுரைநடை, அக்காலத்து வசன நூல்களுள் எளிமையும் உருக்கமும் ஒருங்கே அமைந்த ஒன்றாகும். தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற கற்றறிந்தோர் அவர்க்கு மாணாக்கராயினர்.

கருங்குழி வாழ்க்கை

1858-ஆம் ஆண்டளவில் அடிகள் சென்னையை விட்டுத் தென்றிசை நோக்கிப் புறப்பட்டுச் சிதம்பரம் அடைந்தனர். வடலூரை அடுத்த கருங்குழிக் கிராமத்து மணியக்காரர் வேங்கட ரெட்டியார், அடிகளைக் கண்டு தம் இல்லத்துக்கு எழுந்தருளுமாறு வேண்டினர். அவ்வில்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு அடிகள் உறைந்தனர். ரெட்டியார் மனைவியார் முத்தியாலம்மையார் அடிகட்கு வேண்டுவன செய்து வந்தனர். அம்மையார் ஊருக்குச் சென்றிருந்த ஓர் இரவில் எண்ணெய் என எண்ணி அடிகள் வார்த்த தண்ணீரில் விளக்கு எரிந்தது என்று அன்பர்கள் கூறுவர். அவ்வற்புதத்தை நம்புவார் நம்புக. ஒரு ரெட்டியார் வீட்டிற் பிள்ளை ஒருவர் ஒன்பதாண்டு உண்டுறைந்தமை ஐயமற்ற செய்தி. சமைத்த சோறும் ஜாதி கேட்ட அக்காலத்தில், நம்மவர்க்கு இதுவும் ஓர் அற்புதமாகவே தோன்றுகின்றது.

திருவருட்பா வெளிவந்த வரலாறும் இங்கே அறியத்தக்கது. அடிகள் பாடியவற்றை அச்சேற்ற அவர் எளிதில் இசைந்திலர். இறுக்கம் இரத்தின முதலியார் ஏடுகள் தம் கையில் வந்து சேருமளவும் ஒருபொழுதே உண்பதென உறுதி பூண்டு வேண்டிக்கொண்டமையால் அடிகள் உடன்பட்டனர். புதுவை வேலு முதலியார், செல்வராய முதலியார் முதலானோரும் முயன்று, 1867-இல் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. தம்மைச் சாமி என்று நூலில் வழங்குதல் ஆரவாரமாம் என்று அடிகள் கடிதவாயிலாகத் தடுத்துரைத்தனர். அதனால் நூலின் முகப்பில் சிதம்பரம் இராமலிங்க பிள்ளை என்றே அவர் பெயர் பொறிக்கப்பட்டது. நம் குலப்பட்டமாகிய பிள்ளை என்பது அங்கே நிற்பது கண்டு மகிழ்வார் நம்மவருள் பலர். அப்பட்டம் அங்கே நின்றது குலப்பெருமை பேசுதற்கன்று. சாமி என்னும் பெருமையைத் தவிர்த்தற்கே என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது.

முதலில் அடுப்பு

1865-இல் அடிகள் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் சங்கத்தை நிறுவினர். உயிர்கள் யாவும் ஒரே இறைவனின் உரிமையுடையன. ஆதலின் ஓருயிரின் பசித்துன்பத்தை மற்றோருயிர் நீக்குதல் வழிபாட்டின் தொடக்கம் என்பது அச்சங்கத்தின் உயிர்க்கொள்கை. அக்காலம் பஞ்ச காலம். 1866-இல் ஒரிசாவையும் கஞ்சத்தையும் பெரும்பஞ்சம் பாழாக்கிற்று. சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலும் தானிய விலை ஏறிற்று. பசியைப் பற்றிப் பேசுவதோடு அடிகள் அமைந்திலர்.

கடலூர், சிதம்பரம், பண்ணுருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களின் வழிகள் கூடுமிடத்தே அகன்று கிடந்தது வடலூர்ப் பெருவெளி. வழிப்போக்கர் பசியோடு வந்து சேரத்தக்க இடம் அதுவே என்று அடிகள் தேர்ந்தனர். அந்நிலம் பார்வதிபுரம் என்னும் கிராமத்து மக்களுடையது. அவர்களைக் கேட்டனர். அவ்வூரார் சுமார் நாற்பதின்மர் ஒன்றுகூடி 1867-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 80 காணி நிலத்தை இனாமாக எழுதிக் கொடுத்தனர். இக்கால அளவில் அது ஏறத்தாழ 106 ஏக்கராகும்.

நேயர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று நோக்கல் வேண்டும். நம் முன்னோர் தொழில் கணக்கு. எவர் நிலம் எவ்வளவு, எல்லை எது, வரி யாது என்று எழுதிக் காத்தலே நமக்கு மரபாய் வந்த பணி. காணி என்னும் சொல்லை நாள்தோறும் எழுதியே நம் பாட்டனார்கள் விரல் தேய்ந்தனர். அக்கணக்கர் குலத்து மகன் ஒருவர் வாழ்நாளில் தம் பெயருக்கென ஒரு காணியும் எழுதிக்கொள்ளாமல், பசித்தோர் பெயருக்கு எண்பது காணி எழுதுவித்தார். இதனினும் பெரிய கணக்கு நம் குலத்தார் எழுதியதில்லை. அக்ராய்டின் தேவாலயத்திற்கு ஒருவர் கொடையாளர். வடலூருக்கோ ஓர் ஊரே கொடையாளர். அவ்வூரார் ஒவ்வொருவர் பெயரையும் இன்று வீதியிற் கேட்டால் சொல்லவல்லார் அரியர். கொடை மட்டும் நிற்கின்றது.

அந்நிலத்தில் முதற்கண் எழுந்தது கோயிலன்று, சமையற்சாலை. பிரபவ ஆண்டு வைகாசி 11-ஆம் நாள், 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி வியாழக்கிழமை, சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இருபத்தோரடி நீளமும் இரண்டரையடி அகலமும் உடையது. அன்றுமுதல் அத்தீ அவிந்ததில்லை என்று அன்பர்கள் போற்றுவர்; அணையா அடுப்பு என்பதே அதன் பெயராயிற்று. அரிசியும் காய்கறியும் விறகும் அயலூர்களினின்று வண்டிகளில் வருதலும், வந்தோர் எக்குலத்தார் என வினவாது உணவிடுதலும் இந்நாளளவும் நடந்து வருவனவே. உணவோடு நில்லாது, எல்லாத் தரத்தாரும் பயிலும்படி திருக்குறட் பாடமும் அடிகள் நடத்துவித்தனர்.

பின்னர்ச் சபை

தருமச்சாலை தொடங்கி நான்காண்டு கழிந்தபின்னரே, 1871-இல், வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபைத் திருப்பணி தொடங்கிற்று. அதன் வடிவத்தை அடிகளே வரைந்து கொடுத்தனர். எண்கோண வடிவாய், தென்றிசை நோக்கிய வாயிலுடன், புறத்தே இரும்புச் சங்கிலி சூழ அமைந்தது அச்சபை. அகத்தே விக்கிரகம் இல்லை. ஒரு விளக்கின் சுடரும், அதன் முன் ஆளுயரக் கண்ணாடியும், அவற்றை மறைத்து ஏழு வண்ணத் திரைகளுமே உள. உயிரின் அறிவை மறைக்கும் மாயைகள் ஒவ்வொன்றாய் விலக, உள்ளொளி விளங்கும் என்பதை அத்திரைகள் கண்ணுக்குக் காட்டுகின்றன. பிரசோற்பத்தி ஆண்டு தை 13-ஆம் நாள், 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி வியாழக்கிழமை, தைப்பூச நன்னாளில் முதல் ஜோதி தரிசனம் நிகழ்ந்தது. இன்றும் தைப்பூசத்தன்று ஆறு காலங்களில் ஏழு திரையும் நீக்கிக் காட்டும் அத்தரிசனத்துக்கு இலட்சக்கணக்கான மக்கள் கூடுகின்றனர்.

சபையினுட் புகுவோர்க்கு அடிகள் விதித்த தகுதி ஒன்றே: கொலையும் புலாலும் தவிர்த்தவராதல் வேண்டும். ஜாதியோ சமயமோ ஆண்பெண் வேறுபாடோ தடையாதல் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அடிகள் வெளியிட்ட விளம்பரத்தில், சபையுள் தூய்மை செய்து விளக்கேற்றும் பணிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவரோதாம் உரியர் என்று வரையறுத்தனர். பரம்பரை அர்ச்சகர் என்னும் உரிமை எக்குடிக்கும் வழங்கப்படவில்லை. பிறப்பினால் வரும் உரிமைக்கு அங்கே இடமே இல்லை என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய புதுமைக்கு எதிர்ப்பும் மிக்கிருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அடிகள் பாடல்களை அருட்பா எனக் கூறுதல் தகாதென மறுத்து 1869-இல் கண்டனம் வெளிப்படுத்தினர். அப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையிற் சென்றது. இருவரும் சைவத் தமிழுக்கு உழைத்த பெரியோரே. ஆதலின் அப்பூசலை நாம் இங்கு விரிக்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

1870 முதல் அடிகள் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் எனத் தாம் பெயரிட்ட இல்லத்தில் உறைந்தனர். தம் வழியைப் பின்பற்றுவோர் பெருகிய போதிலும், அதனை உள்ளபடி கைக்கொள்வார் அரியர் என்னும் கவலை அவரை வருத்திற்று. கூட்டம் கூடுதல் வேறு. கொள்கையைக் கொள்ளுதல் வேறு என்பதை அவர் கண்டார். 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சித்திவளாகத்தில் கொடியேற்றி நீண்டதோர் உபதேசம் செய்தனர். ஜாதி, சமயம், ஆசாரம் ஆகியவற்றிற் பற்று வைத்தல் உண்மைக்குத் தடை என்று எவ்வித மறைப்புமின்றி அன்று எடுத்துரைத்தனர். தாம் முன்னர்ச் சமயப்பற்றுடன் பாடியவற்றிலும் தமக்கு இப்போது பற்றில்லை என்றும் வெளிப்படக் கூறினர். தம் பழைய புகழையே தாம் துறத்தல் எளிய செயலன்று.

பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் அடிகள்பால் அன்பு மிக்கு அவர் உருவத்தை மண்ணிற் செய்து கொணர்ந்ததாகவும், அடிகள் அதனைக் கையில் வாங்கி நழுவவிட்டு உடைத்ததாகவும் ஒரு செய்தி நம் பக்கத்தில் வழங்குகின்றது. தம்மை வணங்கவேண்டா, ஒளியை வணங்குக என்பதே அதன் கருத்து.

ஸ்ரீமுக ஆண்டு தை 19-ஆம் நாள், 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, அடிகள் சித்திவளாகத்து அறையினுட் புகுந்து கதவை அடைப்பித்தனர். பின்னர் அவரைக் கண்டார் இலர். அவர் ஒளியுடம்பாயினர் என்பது அன்பர் நம்பிக்கை. அறையினுட் சென்று தாழிட்டுக்கொண்ட செய்தியைக் கார்ஸ்டின் துரை தொகுத்து 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லாக் கையேடும் குறிக்கின்றது. அப்போது அடிகட்கு வயது ஐம்பது.

பின்னிகழ்ந்தன

அடிகள் மறைந்தபின் சபையில் அவர் விலக்கிய சடங்குகள் மெல்ல நுழைந்தன. லிங்கம் வைத்துப் பூசை நடத்துதலும் உண்டாயிற்று. நெடுங்காலத்துக்குப்பின் 2006-இல் அறநிலையத்துறையார் அடிகளின் விதிப்படியே வழிபாடு நடத்தல் வேண்டுமெனத் தீர்ப்புரைத்தனர். 2010-இல் உயர்நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்திற்று. 2007-இல் மத்திய அரசார் அடிகள் பெயரால் தபால் தலை வெளியிட்டனர். அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் எனத் தமிழ்நாட்டரசார் அறிவித்தனர். 2024-இல் பெருவெளியில் சர்வதேச மையம் ஒன்று கட்டத் தொடங்கியபோது, நிலமளித்தோர் வழியினராகிய பார்வதிபுரத்தார், மக்கள் கூடி நிற்றற்கென வழங்கிய வெளி வெளியாகவே இருத்தல் வேண்டும் என்று எதிர்த்தனர். அவ்வழக்கும் நீதிமன்றம் ஏறிற்று. கொடுத்தவர் பெயர் கல்லில் இல்லாதிருக்கலாம். கொடுத்த நோக்கத்தை அவர்தம் மக்கள் நூற்றைம்பது ஆண்டுக்குப்பின்னும் மறந்திலர்.

நம் கடமை

நிற்க. இனி நம் சங்கத்தார்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

நம் கூட்டங்களில் அடிகள் படத்துக்கு மாலை சூட்டாத கூட்டம் இல்லை. நம் திருமண அழைப்புகளிலும் அவர் பெயர் முதற்கண் நிற்கின்றது. குலத்தின் பெருமையைக் காட்டுதற்கு அவரினும் மேலான சான்று நமக்கு வேறில்லை. ஆயினும், குலம் என்பதே பொருளற்றது என்று கூறியவரைக் குலத்தின் மணி என்று நாம் கொண்டாடுகின்றோம். இம்முரணைக் கண்டுங் காணாதார்போல் இருத்தல் நேர்மையன்று. பிறர் இதனைச் சுட்டி நகைக்குமுன் நாமே இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சங்கத்தைக் கலைத்துவிடுக என்று நாம் சொல்லவில்லை. ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளமும், கைம்பெண்டிர்க்கு உதவியும், முதியோர்க்கு ஆதரவும் சங்கங்களால் நடைபெறுகின்றன. நம் மரபுத் தொழிலாகிய கிராமக் கணக்கும் 1980-இல் அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் தொழிலால் நம்மை ஒன்றுசேர்க்கும் கயிறு யாதும் இல்லை. இனி நாம் எதனால் ஒன்றுபட்டு நிற்பது? பிறப்பினால் மட்டும் எனின், அடிகள் படத்தைச் சுவரினின்றும் இறக்கிவிடுதலே முறை. அவர் காட்டிய கருணையினால் எனின், அப்படம் நம் சுவரில் நிற்கத் தகும்.

ஆதலின் மூன்று செயல்களை நம் சங்கத்தார் மேற்கொள்ள வேண்டுகின்றோம். முதலாவது, ஆண்டு விழாவில் இடும் விருந்து உறுப்பினர்க்கு மட்டுமென்றிராமல் மண்டப வாயிலில் வந்து நிற்கும் எவர்க்கும் அதே பந்தியில், அதே இலையில், இடப்பெறல் வேண்டும். இரண்டாவது, உபகாரச் சம்பளத்தில் ஒரு பகுதியேனும் குலம் வினவாது, வறுமையொன்றே கண்டு வழங்கப்பெறல் வேண்டும். மூன்றாவது, தைப்பூசத்தன்று வடலூர் செல்லும் நம்மவர் தரிசனத்தோடு திரும்பாது, தருமச்சாலைக்கு ஒரு படி அரிசியேனும் கொண்டுசெல்லல் வேண்டும். இயன்றவர் ஒருவேளையேனும் அங்கே பரிமாறல் வேண்டும்.

இவை பெருஞ்செலவு வேண்டாதவை. காடாம்புலியூரிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள நம்மவர்க்கு வடலூர் தொலைவுமன்று. அடிகள் ஞானசபைக்குக் கல்லெடுக்குமுன் தருமச்சாலைக்கு அடுப்பெடுத்தார். அவ்வரிசையை நாமும் மாற்றாதிருத்தல் வேண்டும். நம் சங்கத்தார் கட்டக் கருதியிருக்கும் புதிய மண்டபத்தின் வரைபடம் செயற்குழுவின்முன் வரும்போது, அதில் முகப்பும் கொடையாளர் பெயர்ப்பலகையும் எங்கே என்று பார்க்குமுன், சமையற்சாலை எங்கே, அதன் வாயில் தெருவை நோக்கியிருக்கின்றதா என்று அன்பர்கள் பார்க்க வேண்டுகின்றோம்.